மைனிக்காகப் பார்த்த ஏழு படங்கள்

ஜனவரி 18, புதன்

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா எழுதி வைக்கச் சொன்னதால் எழுதுகிறேன். மைனி ஒரு நாளில் என்னென்ன பேசுகிறாரோ, அதை ஒன்று விடாமல் குறிக்க வேண்டுமாம். மைனி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா தங்கபுஷ்பம், வயது அறுபத்தொன்று. இந்த நோட்டின் முன்பக்கம் முழுக்க என் ஜெபக் குறிப்புகள். அதனால் பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதுகிறேன். இரண்டும் கலக்கக் கூடாது.

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் மைனிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. கால் பரவாயில்லை, கம்பு ஊன்றி நடக்கிறார். பேச்சு வரவில்லை. வரவில்லை என்றும் சொல்ல முடியாது.

இன்று பேசியவை:

காலை, நான் இட்லி கொண்டுபோனபோது: "உன் கையால தின்னா அது எனக்கு விஷம்!"

மதியம், ரசம் சோறு கொண்டுபோனபோது: அதேதான்.

ராத்திரி கேட்கவே வேண்டாம்.

தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பாத்திரம் கழுவும்போது ஒரு எவர்சில்வர் டம்ளர் நசுங்கிவிட்டது.

ஜனவரி 19, வியாழன்

வீட்டுக்காரர் தான் ஓட்டுகிற ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"ஏட்டி எப்சி, அது ஏதோ பழைய படத்து வசனம். அக்கா இருபத்தாறு வருஷம் பூர்ணவேல் தியேட்டர்ல டிக்கெட் கவுண்டர்ல இருந்தவ. மண்டையில அதுதான் மிஞ்சிருக்கு. அதுக்கு அர்த்தம் கிர்த்தமெல்லாம் பாக்காத."

டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார். சிலருக்குப் பாட்டு மிஞ்சுமாம், சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும் மிஞ்சுமாம். டேப் ஓடுகிற மாதிரி தானாக வருமாம்.

பாளையங்கோட்டையில் பால்காரர் முதல் பாஸ்டர் பெண்டாட்டி வரை எல்லோருக்கும் அது சினிமா வசனம் என்று தெரிகிறது. எனக்குத்தான் தெரியவில்லை. எனக்கு முப்பத்தொன்பது வயது. ஒரு சினிமாகூடப் பார்த்ததில்லை. நாசரேத் பக்கம் சபை நடத்திய என் அப்பா, சுவரில் போஸ்டர் வந்தால் "பிள்ளைகளா, தரையைப் பாருங்க" என்பார். எனக்கு அந்தத் தெருக்களின் தரைகூட இன்னும் மனப்பாடம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மைனி பக்கவாதத்துக்குப் பிறகா இப்படிப் பேசுகிறார்? பன்னிரண்டு வருஷம் முன்னால், கல்யாணம் முடிந்து நான் இந்த வீட்டு வாசலில் கால் வைக்கும்போது சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் என்ன சொன்னார்? "வந்துட்டாடா மகராசி! இனி இந்த வீட்டுல எனக்கு என்ன வேலை?" சொல்லிவிட்டுக் கையை வேறு நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு எந்த நரம்பு வெடித்திருந்ததாம்?

இன்னொன்றும் உண்டு. அதை எழுதப்போவதில்லை.

ஜனவரி 23, திங்கள்

என் லீவு பிப்ரவரி 28 வரைதான். அதற்கு மேல் கேட்டால் ஸ்கூல் ஆபீசில் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். அவர் நாங்குநேரிப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சுத்தமாக இருக்கிறதாம். 28-ஆம் தேதி காலை அவர்களே கார் அனுப்புவார்களாம்.

"அக்கா, அங்க போறியா? உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். மைனி தலையை ஆட்டினார்.

யார் எதைக் கேட்டாலும் மைனி ஆட்டுகிறார். "நீங்க ஆம்பளையா?" என்று டாக்டரம்மா கேட்டபோதும் இதே ஆட்டுதான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மைனி கம்பைத் தூக்கி, "கிளம்பு, கிளம்பு, காத்து வரட்டும்!" என்றார்.

"பாத்தியா, அவளே கிளம்பத் தயாராயிட்டா" என்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெளியே போனவர் வேன் கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

இல்லத்துக்கு அனுப்புவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இதையும் குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 27, வெள்ளி

இன்று தட்டை வைத்துவிட்டு உடனே வரவில்லை. மின்வெட்டு, மிக்ஸி ஓடாது, அடுக்களையில் வேலையில்லை. அதனால் நின்றேன். மைனி "விஷம்" என்று சொல்லிக்கொண்டே இடது கையால் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் திருப்பி வைத்தேன். மறுபடி தள்ளினார். கண்ணில் கோபம் இல்லை.

பத்து நாளாகத் தள்ளியிருப்பார் போல. நான் நின்று பார்த்ததே இல்லை.

இரண்டு நாளாக அப்பா ஞாபகம். எதைக் கேட்டாலும் அப்பா நேராகப் பதில் சொல்ல மாட்டார். தம்பி பைக் கேட்டபோது, ஒரு அதிகாரத்தையும் வசன எண்ணையும் மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நாங்கள் வேதத்தைத் திறந்து தேடினோம். அந்த ஒரு வரியை மட்டும் படித்தால் கிடைக்கும் என்பதுபோல இருந்தது. அம்மா வந்து, "மேல ரெண்டு, கீழ ரெண்டு சேர்த்துப் படிங்கலே" என்றாள். சேர்த்துப் படித்தால் பைக் கிடையாது.

மைனிக்கும் மேலே இரண்டும் கீழே இரண்டும் இருக்குமோ? அதைப் படிக்க வேண்டுமென்றால் நான் சினிமா பார்க்க வேண்டும்.

கர்த்தர் மன்னிப்பாராக, அப்படி ஒரு யோசனை வந்தது. எழுதிவிட்டேன்.

ஜனவரி 29, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் ஒரு மேலப்பாளையத்து அம்மா, கையில் முறுக்குப் பொட்டலத்தோடு நிற்கிறார். பாத்திமுத்து. பூர்ணவேல் தியேட்டர் கேன்டீனில் வடை போட்டவராம். மைனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். மைனி அவர் காதில் எதையோ சொன்னார். அழுத அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னக்கா சொன்னாவ?"

"சொன்னா உனக்குப் புரியுமா தாயி? நீ என்ன படம் பாத்திருக்க?"

ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். தாடையில் கைவைத்துக்கொண்டார். "யா அல்லா! ஒண்ணுகூடவா? அப்ப இந்த ஊர்ல எப்படிம்மா காய்கறி வாங்குத?"

மைனி சொல்கிற வரிகளை இந்த நோட்டைப் பார்த்து வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் கதையைச் சொல்லுங்கள், போதும் என்றேன். பாத்திமுத்து அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"கதை சொல்லுததெல்லாம் குழம்பு வாசம் புடிக்கிற மாதிரி. வயிறு நெறையுமா? உக்காந்து பாரு. ஏழே ஏழு படம். அதுபோதும், ஊர்ல பாதிப் பேர் பேசுதது உனக்கு விளங்கிரும்."

நோட்டைப் பிடுங்கி அவரே எழுதினார்:

தங்கச்சிக்கொரு தொட்டில்
கோடாலிக் கருப்பன்
எட்டாம் நம்பர் பஸ்
முதலாளி வர்றார் வழிவிடு
அக்காவின் பந்தல்
மேலரத வீதி மாணிக்கம்
சாவி யார்கிட்ட

எழுதிய பிறகுதான் கவனித்தேன். நோட்டைத் தலைகீழாகப் பிடித்து முன்பக்கத்தில் எழுதிவிட்டார். என் ஜெபக் குறிப்புக்குக் கீழே ஏழு சினிமா.

பிப்ரவரி 2, வியாழன்

'தங்கச்சிக்கொரு தொட்டில்' பார்த்துவிட்டேன். அடுக்களையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, முறுக்கு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து. முதல் பத்து நிமிஷம் தரையைப் பார்த்தேன். அப்புறம் நிமிர்ந்தேன்.

எனக்குச் சில சந்தேகங்கள். கஞ்சிக்கு இல்லாத வீட்டுப் பெண் பாட்டு வந்ததும் பட்டுச்சேலையோடு மலையில் ஓடுகிறாளே, அந்தச் சேலையை விற்றால் அரிசி வாங்கலாமே? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

ஆனால் அந்த இடம் வந்தது. அக்கா மூன்று ஊர் நடந்து தங்கச்சி வீட்டுக்கு வருகிறாள். தங்கச்சி நிறைமாதம். வீட்டில் ஒரே ஒரு தட்டுச் சோறு. அதை அக்காவுக்கு வைக்கிறாள். அக்காவுக்குப் பசியில் கண் இருட்டுகிறது, ஆனால் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்துகிறாள்: "உன் கையால தின்னா அது எனக்கு விஷம்!" தங்கச்சி அழுதுகொண்டே தானே தின்கிறாள். அக்கா கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறாள். தங்கச்சி முழுசாகத் தின்று முடித்ததும் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுகிறாள்.

பாத்திமுத்து அக்காவுக்குப் போன் போட்டேன். "அதுக்குத்தான பாக்கச் சொன்னேன். ஊர்ல அத்தனை பேர் வீட்லயும் அப்படித்தான் சொல்லுவாவ. 'நீ மொதல்ல சாப்பிடு'ன்னு அர்த்தம்."

மைனிக்கு வைத்த தட்டின் எதிரில் உட்கார்ந்தேன். நான் முதலில் ஒரு வாய் தின்றேன். மைனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் சோற்றை அள்ளினார். பாதி சிந்தியது. அப்படி வேகமாக அவர் தின்று நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 3, வெள்ளி

இட்லி. நான் முதலில் தின்றேன். விஷம் என்ற பேச்சே இல்லை.

பிப்ரவரி 8, புதன்

இப்போது மைனி அறையிலேயே போனை வைத்துப் பார்க்கிறோம். வசனம் வருவதற்கு முன்பே மைனி வாய் அசைகிறது. சண்டைக் காட்சியில் கம்பால் கட்டிலைத் தட்டுகிறார். நான்காவது படமும் முடிந்தது. 'எட்டாம் நம்பர் பஸ்' மட்டும் ஓடாமல் நின்று நின்று வருகிறது, அதைத் தள்ளி வைத்திருக்கிறேன். 'கோடாலிக் கருப்ப'னில் அந்தக் கருப்பன் கடைசிவரை கோடாலியால் எதையும் வெட்டவேயில்லை. சொன்னேன். மைனிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

சந்தையில் வெண்டைக்காய் ஒடித்துப் பார்த்தேன். கடைக்காரர், "முதலாளி வர்றார், வழிவிடு, வழிவிடு" என்றார். பன்னிரண்டு வருஷமாக இதையே சொல்கிறார். என்னைக் கேலி செய்கிறார் என்று பன்னிரண்டு வருஷமாக முறைத்துவிட்டு வருவேன். அந்தப் படத்தில் அந்த முதலாளி சட்டைப்பையில் ஒன்றுமில்லாமல் பேரம் பேசுகிற ஆள். இன்று சிரித்துவிட்டேன். கடைக்காரருக்கு என்ன தோன்றியதோ, ஒரு கை வெண்டைக்காய் கூடப் போட்டார்.

பிப்ரவரி 12, ஞாயிறு

அவரிடம் மாட்டிக்கொண்டேன். சீக்கிரம் வந்தவர் அறை வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தார்.

"பாஸ்டர் மக சினிமா பாக்காளா? நல்லாருக்கு!"

கேலிதான், ஆனால் நான் விடவில்லை. "ஏங்க, மைனி சும்மா உளறல. அவ்வொ பேசுதாவ. 'காத்து வரட்டும்'னு சொல்லுதது என்னன்னு தெரியாம நீங்க அனுப்பக் கூடாது" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "எனக்கென்ன ஆசையாட்டி? அம்மா செத்தப்புறம் என்னய வளத்தவ அவ. கவுண்டர்ல என்னய மடியில வச்சிக்கிட்டு டிக்கெட் குடுத்தவ. அவ என்னப் பாத்து என் பேரச் சொல்லாம ஏதோ படத்துல உள்ளத சொல்லுதா. என்னால கேக்க முடியல." அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "நீயா அர்த்தத்த இட்டுக்கட்டாத. லீவு முடியுது. யாரு பாப்பா?" என்றார்.

'காத்து வரட்டும்' வருகிற 'சாவி யார்கிட்ட' எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 15, புதன்

எழுதப்போவதில்லை என்று சொன்னதை எழுதுகிறேன்.

ஏழு வருஷம் முன்னால் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது மைனி வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "போனா போகுது. அடுத்த வண்டியில ஏறிக்கலாம்" என்றார்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மைனியிடம் நான் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏழு வருஷம். அடுத்த வண்டி வரவும் இல்லை.

இன்று 'எட்டாம் நம்பர் பஸ்' ஒருவழியாக முழுசாக ஓடியது. ஒரு தாய். பஸ் ஆற்றில் விழுந்து மகன் போய்விடுகிறான். அவள் தினமும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உட்கார்கிறாள். வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்க்கிறாள், மகன் இறங்கவில்லை. பூக்காரி ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்கிறாள். தாய் அவளிடம், "போனா போகுது. அடுத்த வண்டியில ஏறிக்கலாம்" என்கிறாள். வீட்டுக்குப் போக மனசில்லாமல் சொல்கிறாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் உடைகிறாள். பூக்காரி கூடையைக் கீழே வைத்துவிட்டு, பூ வாடுகிறவரை, சாயங்காலம்வரை அவளோடு உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு அந்த ஸ்டூல் ஞாபகம் வந்தது. மைனி அன்றைக்குச் சாயங்காலம்வரை அதில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடப் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, இந்தப் பொம்பளை எப்போது எழுந்து போவாள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆறுதல் சொல்ல மைனிக்குச் சொந்த வார்த்தை வரவில்லை. தெரிந்ததிலேயே பெரிய துக்கத்தை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான்தான் படம் பார்க்காதவள்.

போனை அணைத்துவிட்டு மைனி மடியில் தலையை வைத்து அழுதேன். ஓவென்று அழுதேன். மைனி இடது கையை என் முதுகில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

பிப்ரவரி 16, வியாழன்

நேற்று எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

பிப்ரவரி 20, திங்கள்

'அக்காவின் பந்தல்'. இதில் அந்த வாசல் இருக்கிறது.

தம்பியை வளர்த்த அக்கா, புதுப்பெண் வந்ததும் வாசலில் நின்று, "வந்துட்டாடா மகராசி! இனி இந்த வீட்டுல எனக்கு என்ன வேலை?" என்று கையை நீட்டுகிறாள். புதுப்பெண் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பரிமாறுங்க அக்கா, இலை நான் எடுக்கேன்" என்கிறாள். அக்கா, "போடி! ரெண்டு பேரும் சேந்தே உக்காருவோம்" என்று அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறாள்.

பாத்திமுத்து அக்கா சொன்னார், அந்தக் காலத்தில் திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கல்யாண வீட்டு வாசலிலும் இதுதானாம். நாத்தனார் கேட்பாளாம், வருகிற பெண் பதில் சொல்வாளாம். பதில் தெரியாத பெண்ணே கிடையாதாம்.

மைனி நீட்டிய கை அப்படியே நின்றது எனக்குத் தெரியும். சிரித்த சனம் சட்டென்று அடங்கியதும் தெரியும். அதை அன்றைக்கு என் வெற்றி என்று நினைத்தேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

பாத்திமுத்து அக்கா எங்கெங்கோ அலைந்து 'சாவி யார்கிட்ட' சிடியும், அதைப் போட ஒரு பழைய பெட்டியும் கொண்டுவந்தார். மூன்று பேரும் பார்த்தோம்.

வீட்டுக்காரர் வாடகைக்கு இருப்பவனைக் காலி செய்ய ஆள்களோடு வருகிறார். இவன் வாசலை அடைத்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டுக்காரரையே பார்த்து, "கிளம்பு, கிளம்பு, காத்து வரட்டும்!" என்கிறான். படம் முடிகிறவரை அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

மைனி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

மைனி போக மாட்டேன் என்கிறார் என்று, அவர் வந்ததும் சொன்னேன். "ஒரு காமெடிய வச்சு முடிவெடுக்கச் சொல்லுதியா? நாளைக்கழிச்சு காலையில கார் வருது, எப்சி" என்றார். பகலில் பத்து மணிமுதல் நான்குவரை பாத்திமுத்து அக்கா வந்து இருக்கிறேன் என்று சொல்லியிருப்பதையும் சொன்னேன். "கேட்டதுக்கு அவளே தலைய ஆட்டுனாளே" என்றார். பெட்டியை எடுத்து மைனி சேலைகளை மடித்து வைத்தார். ஒவ்வொன்றையும் மூன்று தடவை மடித்தார்.

பிப்ரவரி 28, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கார் வந்தது. இல்லத்து அம்மா நல்ல மாதிரி. மைனி வாசலை அடைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் போடவில்லை, அவரே இழுத்து வந்திருக்கிறார்.

"வாரீங்களா அம்மா?" என்று அந்த அம்மா கேட்டார்.

மைனி தலையை ஆட்டினார்.

என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிவிட்டார். "அவ்வொ ஆம்பளையான்னு கேளுங்கம்மா" என்றேன். அந்த அம்மா திகைத்துப்போய், என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டார். மைனி அதற்கும் ஆட்டினார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் பெட்டியைக் கீழே வைக்கவுமில்லை, நடக்கவுமில்லை.

அப்போது மைனி கம்பை ஊன்றி எழுந்தார். தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாய் கோணினாலும் ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகச் சொன்னார்:

"வந்துட்டாடா மகராசி! இனி இந்த வீட்டுல எனக்கு என்ன வேலை?"

விடைபெறுகிறார் என்று நினைத்து அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் மைனி கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது கையை என் பக்கம் நீட்டியிருந்தார். பன்னிரண்டு வருஷம் முன்னால் நீட்டிய அதே இடம்.

என் வாழ்க்கையில் சினிமா வசனம் பேசியதில்லை. போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க பரிமாறுங்க மைனி, இலை நான் எடுக்கேன்."

மைனி முகம் முழுக்க அழுகையாகிவிட்டது. "போடி!" என்றார். "ரெண்டு பேரும் சேந்தே உக்காருவோம்."

பின்னால் பெட்டி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவர் அந்த அம்மாவிடம் ஏதோ சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மைனி என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.

மணி பத்தேகால். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. நான் இரண்டு இலை போட்டேன்.